எறவாணத்துக் குவளை

போன தை மாதம் துறையூரில் எங்கள் தாத்தா வீட்டில் சொந்தங்கள் எல்லாம் கூடினோம். பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. வயல் போன கையில் போயிற்று, தோப்பு போன கையில் போயிற்று. வீடு மட்டும் யாருக்கும் வேண்டாம் என்று நின்றது. இடித்துக் கட்ட ஒருவருக்கும் மனசு இல்லை, குடியிருக்கவும் ஆள் இல்லை. அப்போதுதான் பெரியப்பா சொன்னார்: "முன்கூடத்த நினைவு இல்லமா ஆக்கிடுவோம். அப்பாவோட ராட்டை இருக்கு, தாமிரப் பத்திரம் இருக்கு, கண்ணாடி இருக்கு. வாசல்ல ஒரு கல்லு வெப்போம். ஊர்ல யார் யாருக்கோ சிலை இருக்கு. ஜெயிலுக்குப் போன மனுசனுக்கு ஒரு கல்லு கூட இல்ல."

யாரும் மறுத்துப் பேசவில்லை. கல்லில் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் நெட்டுல பக்கம் பக்கமா எழுதறியே. பத்து வரி எழுதிக் குடு" என்றார் பெரியப்பா.

பத்து வரி. ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியவை எளிமையானவை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதானார். எட்டு மாதம் பெல்லாரி அலிபுரம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் சாகும்வரை கதர்தான். சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல் தாமிரப் பத்திரம் கொடுத்தார்கள். தியாகி பென்ஷனை வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய சண்டை நடந்து, கடைசியில் அப்பாயி ஜெயித்து, வாங்கிக்கொண்டார். எனக்குப் பதினோரு வயதாகும்போது இறந்தார். அவர் கை பிடித்துத்தான் நான் பெருமாள்மலைப் படி ஏறியிருக்கிறேன். பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் எழுதிவிடலாம். எழுத உட்காரும்போதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகை. அதன் எறவாணத்தில், ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே, ஒரு அலுமினியக் குவளை செருகியிருக்கும். விளிம்பு நசுங்கியது. எங்கள் பண்ணையாள் வேலை முடிந்து வந்தால் அவரே அதை எடுப்பார், அவரே கழுவுவார், இரண்டு கையாலும் ஏந்தி நிற்பார். அப்பாயி ஒரு முழம் உயரத்தில் இருந்து காப்பி ஊற்றுவார். குடித்து முடித்ததும் அவரே கழுவி அவரே செருகிவிட்டுப் போவார். இது நடந்தது 1980-களில். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த மனிதர் என்னைவிட ஐம்பது வயது மூத்தவர். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை "சின்னய்யா" என்பார். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கல்வெட்டுக்கு ஒரு மாதிரி கிடைக்குமா என்று பார்க்கத்தான் வரகனேரிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நல்ல வாசகமாக இருந்தால் திருடிக்கொள்ளும் எண்ணம். மண்ணச்சநல்லூர் வழியாக வரும் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காந்தி மார்க்கெட் நெரிசலைத் தாண்டி, வரகனேரிக்குள் நுழைந்தால் வ.வே.சு. ஐயரின் நினைவு இல்லம். 1881 ஏப்ரல் 2 அன்று வரகனேரியில் பிறந்தவர். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்ற பெயரிலேயே ஊரும் இருக்கிறது. பெயரில் ஊரைச் சுமந்தவர் அந்த ஊரிலேயே தங்கிவிடவில்லை. ரங்கூன், லண்டன், புதுச்சேரி, பெல்லாரி, சேரன்மாதேவி என்று அலைந்து, 44 வயதில் பாபநாசம் அருவியில் முடிந்துபோனார்.

நம்மூர் நினைவு இல்லங்கள் பலவற்றின் வாசகங்களையும் ஒரே ஆள் எழுதியது போல எனக்குத் தோன்றும். பிறந்தார், பயின்றார், சிறை ஏகினார், அமரரானார். "ஏகினார்" என்ற வினைச்சொல் இன்று உயிரோடு இருப்பதே அந்தச் சுவர்களால்தான். எங்கள் தாத்தாவுக்கும் அதே நாலு வினை பொருந்தும். பெரியப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் ஐயரின் வாழ்க்கை நாலு வினைக்குள் அடங்குகிற வாழ்க்கையா?

லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்தார். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் இல்லை. போலீஸ் துரத்தியபோது தாடி வளர்த்து சீக்கியராக வேடம் போட்டுத் தப்பினார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட துப்பறிவாளனிடம், "அது வீர் விக்ரம் சிங்" என்று சமாளித்த கதை பிரபலம். 1910-இல் புதுச்சேரி வந்து, பாரதி, அரவிந்தர் எல்லாம் இருந்த அந்தச் சிறு உலகத்தில் பத்து வருஷம். அங்கேதான் 1916-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தமிழின் ஆரம்பகாலச் சிறுகதைகளில் ஒன்றான 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதினார். பிறகு பெல்லாரியில் ஒன்பது மாதச் சிறை. அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். என் தாத்தா அடைபட்டிருந்த அதே பெல்லாரி ஊர், இருபது வருஷம் முன்னால்.

இதற்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், லண்டனில் மருத்துவம் படித்தவர், ஐயரின் நண்பர். 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க காந்தியை அழைத்திருந்தார்கள். சைவச் சாப்பாடாக இருக்க வேண்டும், நாமே சமைக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மதியம் சமையல் நடக்கும் இடத்துக்கு ஒல்லியான ஒரு ஆள் வந்து, காய் நறுக்க, பாத்திரம் கழுவ என்று பேசாமல் வேலையில் சேர்ந்துகொண்டார். உதவிக்கு வந்த யாரோ என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆள்தான் அன்றைய தலைவர் என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

இந்தக் கதையை நான் பலமுறை கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் யார் எந்தச் சாதி, யார் தொட்ட பாத்திரத்தில் யார் சாப்பிட்டார்கள் என்ற கேள்வியே இல்லை. கடல் தாண்டினாலே தீட்டு என்று சொன்ன ஊர்களில் இருந்து போன பையன்கள் அவர்கள்.

பதிமூன்று வருஷம் கழித்து, 1922-இல், ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து சேரன்மாதேவிக்கு மாறியது. தாய்மொழியில் படிப்பு, கைத்தொழில், உடற்பயிற்சி, தேசிய உணர்வு. இன்றைக்குப் படித்தாலும் ஆசை வரும் திட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பிற சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு.

இரண்டே இரண்டு பையன்கள். அவர்களைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். தன்னளவில் அவர் சாதி பார்த்தவர் இல்லை. லண்டன் சமையலறை ஆள் எப்படிப் பார்ப்பார்? அன்று தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக இருந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் பத்திரிகையில் பிரச்சினையைக் கையில் எடுத்தார். பெரியார் விடவில்லை. காந்தி தலையிட்டு ஒரு சமரசம் சொன்னார்: கொடுத்த வாக்குக்காக அந்த இருவர் மட்டும் தனியாகச் சாப்பிடட்டும், இனிமேல் அப்படி ஒரு நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம். யாருக்கும் திருப்தி இல்லை. 1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் வேற்றுமை பாராட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ராஜாஜியும் ராஜனும் இன்னும் சிலரும் கமிட்டியில் இருந்து விலகினார்கள். அதே ராஜன்தான். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் 3 அன்று மாணவர்களோடு பாபநாசம் போனபோது மகள் சுபத்ரா அருவியில் தவறி விழ, காப்பாற்றப் பாய்ந்து அவரும் போனார்.

மகளுக்காக ஒரு கணமும் யோசிக்காமல் குதித்த மனிதர், இரண்டு பெற்றோரிடம் "முடியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்ல ஏன் தயங்கினார்? எனக்கு இது ஐயரைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. சாதியை நம்புகிறவன் சாதி பார்த்தால் அதில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. நம்பாதவன் பார்ப்பதுதான் பயமாக இருக்கிறது. கொள்கை பெரிதாக இருக்கும்போது, இரண்டு பையன்களின் தட்டு சின்னதாகத் தெரிகிறது. நாடே விடுதலை ஆகப்போகிறது, இது ஒரு விஷயமா, போகப்போகச் சரியாகிவிடும். என் தாத்தாவும் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். எறவாணத்துக் குவளையை அவர் செருகவில்லை. எடுக்கவும் இல்லை.

இந்த இடத்தில் வீட்டில் எல்லோரும் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "அது அந்தக் காலத்து வழக்கம்ப்பா." சித்தப்பா சொன்னார், அத்தை சொன்னார், இதைப் படிக்கும் சிலரும் இப்போது மனசுக்குள் சொல்லியிருப்பீர்கள். நானும் கொஞ்ச காலம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். ஆனால் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் யார் யார்? குவளையை நீட்டச் சொன்னவர் மட்டுமா? நீட்டியவரும் அதே காலத்து மனிதர்தானே. 1925-இல் பந்தி வேண்டும் என்று சண்டை போட்டவர்களும் அந்தக் காலத்தவர்கள்தான். "அந்தக் காலம்" என்று சொல்லும்போது நாம் ஊரில் பாதிப் பேரை அந்தக் காலத்தில் இருந்தே வெளியேற்றிவிடுகிறோம். அதுவும் எங்கள் வீட்டுக்கு இந்தச் சாக்கு செல்லவே செல்லாது. அரசியல் சட்டம் 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அது தண்டனைக்குரிய குற்றம் என்று தனிச்சட்டமே வந்தது. நான் குவளையைப் பார்த்தது அதற்கும் முப்பது வருஷம் கழித்து.

இரண்டாவது பதில் கொஞ்சம் கௌரவமானது. நல்லதையும் கெட்டதையும் தராசில் வை, எது அதிகமோ அதைச் சொல் என்பது. குறளிலேயே இருக்கிறதே என்று பெரியப்பா எடுத்துக்காட்டினார். ஐயர் மொழிபெயர்த்த குறள்தான். ஆனால் பெரியப்பா சொன்ன குறள் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பார்த்தேன். 'தெரிந்து தெளிதல்.' அரசன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற இடம். குறையே இல்லாத ஆள் கிடைக்கமாட்டான், வேலை நடக்க வேண்டும், ஆகவே மிகுந்ததைப் பார்த்து முடிவெடு. சரிதான். நான் தாத்தாவை வேலைக்கு எடுக்கவில்லையே. செத்துப்போனவரைப் பற்றி உண்மை சொல்வதற்கு அந்தத் தராசு எதற்கு?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாத்தாவின் எட்டு மாதச் சிறை ஒரு தட்டில், குவளை இன்னொரு தட்டில் என்று வைத்தால், இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர வேண்டியவை என்று ஆகிறது. ஜெயிலுக்குப் போய் அவர் நாட்டுக்குக் கொடுத்தார். குவளையில் பட்ட கடன் ஒரு தனி மனிதருக்கு. மளிகைக் கடையில் கூடக் கட்டிய பணத்தை ஜவுளிக்கடைக் கடனில் கழிக்க முடியுமா? நாடு விடுதலை ஆனதால்தானே 1950-இன் சட்டம் வந்தது, அந்த மனிதருக்கும் அதில் பங்கு இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கை எங்கள் கொட்டகைக்குள் வர விடாமல் எறவாணத்தில் நிறுத்தியதும் நாங்கள்தான்.

1930-ஐ நினைத்துப் பார்க்கிறேன். ஏப்ரல் 13 அன்று திருச்சி கன்டோன்மென்ட்டில் ராஜன் வீட்டில் இருந்துதான் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், இவர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் ஜெயில் என்று உத்தரவு போட்டார். சனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், யார் கட்டியது என்று யாருக்குத் தெரியும்! சோற்றால் ஒரு அரசாங்கத்தை எதிர்த்த இந்தக் காட்சியைப் போல அழகானது நம் விடுதலைப் போரில் குறைவு. அதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அப்படி மரத்தில் சோறு கட்டிய கைகளில் சில, வீட்டுக்குத் திரும்பி எறவாணத்தில் குவளையும் செருகியிருக்கும். எல்லாக் கைகளும் என்று சொல்லமாட்டேன். என் தாத்தா அந்த வழியில் ஒரு ஊரில் இருந்திருந்தால் இரண்டையும் செய்திருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. விடுதலை வீரர்களின் வீடுகளைக் காப்பாற்றி வைப்பதில் அமெரிக்கர்கள் கில்லாடிகள். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் வீட்டை 1858-லேயே பெண்கள் சங்கம் ஒன்று வசூல் செய்து வாங்க ஒப்பந்தம் போட்டது. வாஷிங்டன் 1799-இல் இறந்தபோது அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் எழுதிய தாமஸ் ஜெபர்சன், வாழ்நாள் முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவருடைய மான்டிசெல்லோ வீட்டை 1923-இல் ஒரு அறக்கட்டளை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. வெகுகாலம் அங்கே வழிகாட்டிகள் 'அடிமை' என்று சொல்லமாட்டார்கள். 'வேலைக்காரர்கள்' என்பார்கள். நம்மூரில் "நம்ம வீட்டு ஆளு" என்போமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

1993-இல் அந்த வீட்டார் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார்கள். மான்டிசெல்லோவில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களைத் தேடிப்போய், அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகளைப் பதிவு செய்தார்கள். 2018-இல், ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கு அங்கே ஒரு அறை திறந்தார்கள். வீடு இடிந்துவிடவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ராட்டைக்குப் பக்கத்தில் அந்த அலுமினியக் குவளை. கீழே நான் எழுதும் நாலு வரி. நேர்மையான நினைவு இல்லம்! மனசுக்குள் அந்த நாலு வரியைப் பலமுறை திருத்தினேன். இந்த மாதிரி இதழில் கட்டுரையாகவும் போடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததே ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

குவளை கிடைத்தது. கொட்டகைக் கூரை சரிந்த இடத்தில், மண்ணோடு மண்ணாக. வைப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று, பண்ணையாளின் மகனைப் பார்க்கப் போனேன். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது திருச்சியில் இருக்கிறார். அவரை நான் "சார்" என்பேன். அவர் என்னை "தம்பி" என்பார். அவர் அப்பாவை நான் எப்படிக் கூப்பிட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது, பேசிக்கொண்டதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, நாலு வரி, எல்லாம். டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அது யாரோட குவளைன்னு எழுதுவீங்க தம்பி?"

"உங்க அப்பாவோடதுன்னு, சார்."

"எங்கப்பாவோடதா?" என்று சிரித்தார். "அது உங்க வீட்டுக் குவளை. உங்க தாத்தா காசுல வாங்கினது. உங்க வீட்டு எறவாணத்துல இருந்தது. ஒருநாளும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல. எங்கப்பா வீட்டுல பித்தளை லோட்டால குடிப்பாரு. அது என்கிட்ட இருக்கு, பாக்கறீங்களா?"

உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"குவளைய வைக்கறதுன்னா வைங்க. உங்க தாத்தாவுதுன்னு எழுதி வைங்க. எங்கப்பாவ அதுக்குள்ள போட்டு மூடிடாதீங்க."

எனக்கு உடனே பதில் பேச வரவில்லை. இருபது முறை திருத்திய அந்த நாலு வரியிலும் எங்கள் குற்றத்தை நான் அவர் அப்பாவின் தலையில் ஒரு அடையாளமாகக் கட்டி வைத்திருந்தேன். எங்கள் குடும்பம் நேர்மையானது என்று காட்ட அவர் மறுபடியும் இரண்டு கையையும் ஏந்தி நிற்க வேண்டும். இந்த முறை கண்ணாடிக்குள்ளே, நிரந்தரமாக. சேரன்மாதேவியையும் நான் அப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். தனியாக உட்கார்த்தப்பட்ட பிள்ளைகளின் கதை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அது அந்தப் பிள்ளைகளின் கதை இல்லை, ஐயரின் கதை. அவர் பெயருக்குக் கீழே, அவர் எழுதிய புத்தகங்களோடு, அவர் செய்ததாக வர வேண்டியது.

சார் அதோடு விடவில்லை. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தாத்தா எட்டு மாசம் ஜெயில்ல இருந்தாருல்ல, அப்போ பண்ணையத்தப் பாத்தது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். அப்பாயி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாயிக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது, கையில் கைக்குழந்தை.

"எங்க தாத்தா. அப்பாவுக்கு அப்போ பன்னெண்டு வயசு. அந்த வருசம் நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் இவங்கதான். நெல்ல மூட்டை கட்டி உங்க அப்பாயிகிட்ட கணக்கு ஒப்பிச்சாங்களாம். ஒரு படி குறையலன்னு எங்கப்பா சாகறவரைக்கும் சொல்லுவாரு. உங்க கிணத்துல பாறை வந்தப்ப அத ஒடைச்சு தண்ணி பாத்ததும் அவருதான். எழுதறதா இருந்தா அத எழுதுங்க."

துறையூர் திரும்பும் பஸ்ஸில் புலிவலம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தூரத்தில் பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. எட்டு மாதம் ஒரு விவசாயி சிறையில் இருந்துவிட்டுத் திரும்பி வரும்போது நிலம் தரிசாகாமல், குடும்பம் பட்டினி கிடக்காமல், வீடு ஏலத்துக்குப் போகாமல் இருந்தது என்றால், அந்தத் தியாகத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு யாரோ வயலில் குனிந்திருந்தார்கள் என்று அர்த்தம். இது எனக்கு நாற்பத்தைந்து வயதுவரை ஏன் தோன்றவில்லை? தாத்தாவின் சிறைக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதில் அலிபுரம் உண்டு, களி உண்டு, வார்டர் உண்டு. அந்த வருஷத்து அறுவடை வந்ததே இல்லை. குவளையும் அறுவடையும் ஒரே மனிதரைப் பற்றியவை என்றாலும், குவளை என்னைப் பற்றிப் பேசுகிறது, அறுவடை அவரைப் பற்றிப் பேசுகிறது. நான் எடுத்துக்கொண்டது குவளையை.

ஐயரின் கதையில் குளத்தங்கரை அரசமரம்தான் எல்லாம் பார்த்து, எல்லாம் சொல்லும். மரத்துக்கு யாரிடமும் வாக்குக் கொடுத்த கட்டாயம் இல்லை, பெரியப்பா இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வேம்பு இருக்கிறது. அது பேசினால் என் வேலை மிச்சம்.

கடைசியாக நான் எழுதியது இது. தாத்தாவின் பெயர், பிறந்த வருஷம். 1942-இல் எட்டு மாதம் அலிபுரம் சிறையில் இருந்தார். அந்த எட்டு மாதம் இந்த நிலத்தை உழுது, விளைவித்து, ஒரு படி குறையாமல் கணக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்: பிறகு இரண்டு பெயர்கள். குவளை உள்ளே, கண்ணாடிப் பெட்டியில், தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில். மேலே ஒரு சீட்டு: "எங்கள் தாத்தாவின் குவளை. பண்ணையாட்களுக்குக் காப்பி ஊற்ற, எறவாணத்தில் வைத்திருந்தது. 1980-கள் வரை."

பெரியப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். குவளையைப் பற்றி அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்தவில்லை. "பேரு ரெண்டு கூடுதலா வருது. எழுத்துக்கு இவ்வளவுன்னுல்ல வாங்கறான்" என்றார். அப்புறம், "அந்தச் சீட்டு வேண்டாம்" என்றார். அப்புறம், "அம்மாதான ஊத்துனாங்க, அப்பா பேர ஏன் போடற?" என்றார். அது அவர் நினைத்துச் சொன்ன கேள்வியோ இல்லையோ, நல்ல கேள்வி. அப்பாயி ஊற்றியது தாத்தாவின் வீட்டில், தாத்தாவின் முன்னால் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ராட்டையைத் துடைக்கப் போய்விட்டார். சீட்டு இருக்குமா என்று இன்னும் முடிவாகவில்லை. சித்தப்பா பெரியப்பா பக்கம், அத்தை யார் பக்கமும் இல்லை, என் தங்கை மட்டும் என் பக்கம்.

பெயர்களுக்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். கட்டுரையில் வேண்டாம், கல்லில் வரட்டும் என்று சார் சொன்னதால் அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை.

போன வாரம் கல்வெட்டுக்காரர் போன் செய்தார். "சார், மேல இருக்கறவருக்கு இனிஷியல் இருக்கு. கீழ ரெண்டு பேருக்கும் இல்லியே?"

மகனுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. அது தெரிகிறது. அப்பாவுக்கு? மூன்று தலைமுறை எங்கள் வீட்டில் உழைத்த குடும்பம். மூத்தவரின் அப்பா பெயரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டதும் இல்லை. சாருக்குப் போன் போட்டேன்.

"தாத்தாவோட அப்பாவா? இருங்க தம்பி, அம்மாவத்தான் கேக்கணும். தூங்கறாங்க. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."

அந்த அம்மாவுக்கு தொண்ணூறு வயது ஆகப்போகிறது. கல்வெட்டுக்காரரிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.